டிஎச்சிபி எங்கே இருக்க வேண்டும்: டிசியிலா, ஃபயர்வாலிலா, தனி சர்வரிலா?

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே கால். கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். "தம்பி, எனக்கு லாகின் ஆயிடுச்சுங்க. ஆனா இசட் டிரைவ் மேல சிவப்பா எக்ஸ் போட்டிருக்குது." அவர் போனை வைப்பதற்குள் மெர்ச்சண்டைசிங்கில் இருந்து இன்னொரு அழைப்பு. அங்கே புதிதாகச் சேர்ந்த பையனால் லாகின் திரையையே தாண்ட முடியவில்லை. லாகின் சர்வர் எதுவும் இல்லை என்கிறதாம். ஆனால் இன்டர்நெட் எல்லோருக்கும் வருகிறது, யூடியூப் கூட ஓடுகிறது.

நான் போய்ப் பார்த்தபோது டொமைன் கன்ட்ரோலர்கள் (டிசி, அதாவது கம்பெனிக் கணினிகளின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்கள்) இரண்டும் கல் மாதிரி இருந்தன. முதல் டிசி மட்டும் ஒன்பது மணிக்கு விண்டோஸ் அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. அது எப்போதும் நடப்பதுதான், யாரும் கவனிப்பதில்லை. அக்காவின் கணினியில் ஐபிகான்ஃபிக் ஆல் அடித்தேன். டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டால் முகவரி சொல்பவர்) வரியில் முதலில் 10.20.10.11, அதாவது முதல் டிசி. அதற்குக் கீழே இரண்டாவது டிசி (10.20.10.12) இருக்க வேண்டிய இடத்தில் 8.8.8.8.

சனிக்கிழமை இன்டர்நெட் லைன் மாற்ற வந்த தம்பி, ஃபயர்வாலில் டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வேலை) பக்கத்தையும் திறந்து, பேக்கப்புக்கு இருக்கட்டும் என்று கூகுளின் டிஎன்எஸ்ஸைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனசுதான்.

இது ஏன் இவ்வளவு தூரம் போகிறது என்றால், டொமைனில் இருக்கும் விண்டோஸ் கணினி தன் டிசியைத் தேடுவது டிஎன்எஸ் வழியாகத்தான். "இந்த டொமைனுக்கு டிசி யார்?" என்று எஸ்ஆர்வி பதிவை, அதாவது எந்த வேலைக்கு எந்த சர்வர் என்று சொல்லும் டிஎன்எஸ் குறிப்பைக் கேட்கும். முதல் டிசி ரீஸ்டார்ட்டில் இருந்த அந்தச் சில நிமிடங்களில் கணினிகள் இரண்டாவது பெயருக்குத் தாவின. கூகுளுக்கு நம் உள் டொமைன் எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பளிச்சென்று பதில் சொன்னது. பதிலே வராவிட்டால்தான் விண்டோஸ் அடுத்த ஆளைக் கேட்கும். "இல்லை" என்பதும் ஒரு பதில்தானே, அதோடு தேடலை நிறுத்திவிட்டது. முன்பே லாகின் ஆனவர்களின் விவரத்தை விண்டோஸ் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும், இயல்பாகப் பத்துப் பேர் வரை. அதனால் அக்கா உள்ளே போய்விட்டார், புதுப் பையன் மாட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் எம்டி கேட்டது ஒரே கேள்வி. "இந்த ஐபி கொடுக்கிற வேலையை எங்க வெச்சா இது மறுபடி நடக்காது?"

உண்மையைச் சொன்னால், எங்கே வைத்தாலும் நடக்கலாம். எந்தப் பெட்டி ஐபி கொடுத்தாலும், அது கொடுக்கும் சீட்டில் டிஎன்எஸ் என்று யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே அந்தச் சீட்டை எழுதும் பக்கம் யார் கைக்கு எட்டும், அந்தப் பெட்டி விழுந்தால் கூடவே வேறு எதெல்லாம் விழும் என்ற இரண்டையும் வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். எந்த டிஎச்சிபி வேகமானது, எதில் வசதிகள் அதிகம் என்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் நிலவரம் இது. திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். 120 கணினிகள், 16 பிரிண்டர்கள், 50 கேமராக்கள், 6 பயோமெட்ரிக் வருகைப் பதிவு மெஷின்கள், அப்புறம் எல்லோர் கையிலும் போன். ஹைப்பர்-வி (ஒரே பெட்டியில் பல விர்ச்சுவல் சர்வர்களை, அதாவது விஎம்களை ஓட்டும் வசதி) ஓடும் ஹோஸ்ட் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு டிசி. பெருந்துறையில் ஒரு யூனிட், அங்கே 15 கணினிகள், விபிஎன் வழியாக இணைப்பு. இந்த அளவில் இருக்கும் நிறுவனத்துக்குத்தான் இந்தக் கேள்வி நிஜமாகவே தலைவலி. 20 கணினி இருந்தால் எப்படி வைத்தாலும் ஓடும். 2000 இருந்தால் அதற்கென்று ஒரு அணியே இருக்கும்.

லீஸ் கணக்கு

நம் ஊரில் வீட்டை லீஸுக்கு எடுப்பது என்றால் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் நிம்மதியாக இருப்பது. டிஎச்சிபி லீஸ், அதாவது ஒரு முகவரியை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்ற கெடு, அப்படியில்லை. இது லாட்ஜ் ரூம் மாதிரி. பாதி நாள் கழிந்ததுமே ரிசப்ஷனுக்குப் போய் "இன்னும் இருக்கிறேன்" என்று சொல்லி நீட்டிக்கொள்ள வேண்டும். 1997-இல் எழுதிய தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. 50 சதவீத நேரத்தில் கொடுத்தவரிடமே கேள், கிடைக்காவிட்டால் 87.5 சதவீதத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஊருக்கே கேட்கும்படி கூவு.

விண்டோஸ் டிஎச்சிபியில் லீஸ் இயல்பாக 8 நாள். அப்படியென்றால் சர்வர் இன்று செத்தாலும் பெரும்பாலான கணினிகளிடம் குறைந்தது நாலு நாள் மிச்சம் இருக்கும். தினமும் அணைத்துப் போட்டுவிட்டுக் காலையில் போடும் கணினியென்றால் இன்னும் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு முறை எழும்போதும் அது லீஸைப் புதுப்பித்துக்கொள்ளும். சர்வர் பதில் சொல்லாவிட்டாலும், லீஸ் மிச்சம் இருந்தால் விண்டோஸ் தன் கேட்வேயைப் பிங் செய்து பார்க்கும். பதில் வந்தால் பழைய முகவரியிலேயே ஓடும். மாட்டுவது புதிதாக வந்த சாதனம்தான். அது 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆகவே அலுவலகக் கணினிகளுக்கு 8 நாள் லீஸே ஒரு பேக்கப். செலவில்லாத பேக்கப். "டிஎச்சிபி விழுந்தால் கம்பெனியே நின்றுவிடும்" என்று பயமுறுத்தி பெரிய தீர்வை விற்க வருகிறவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். வேலைப் பளு பற்றியும் கவலை வேண்டாம். எங்கள் அளவுக்கு எல்லாம் சேர்த்தாலும் கேள்விகள் குறைவுதான், பழைய லேப்டாப் ஒன்று போதும்.

டிசியிலேயே வைப்பது

பெரும்பாலான இடங்களில் இருப்பது இதுதான், காரணமும் எளிது. முதன்முதலில் சர்வர் வாங்கி நிறுவிய நாளில் அந்த ஒரு பெட்டிதான் இருந்தது. ஆக்டிவ் டைரக்டரி (டொமைனின் பயனர், கணினிப் பட்டியல்), டிஎன்எஸ், டிஎச்சிபி மூன்றையும் ஒரே விஸார்டில் டிக் செய்து முடித்துவிட்டுப் போனார் சர்வர் விற்றவர். அது ஓடவும் செய்கிறது. டிஎன்எஸ்ஸும் டிஎச்சிபியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பெயர்ப் பதிவு தானாக நடக்கிறது. இன்டர்நெட் லைன் மாற்ற வருகிறவருக்கு டிசியின் பாஸ்வேர்டை யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பதால், எங்கள் திங்கட்கிழமைக் கூத்து இதில் நடந்திருக்காது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது நிறையப் பேருக்குத் தெரியாது. டிஎச்சிபி சர்வர் ஒரு கணினிக்கு முகவரி கொடுத்துவிட்டு, அதன் பெயரை அதற்காக டிஎன்எஸ்ஸிலும் எழுதிக் கொடுக்கும். எழுதும்போது யாருடைய உரிமையில் எழுதுகிறது? தனியாக ஒரு கணக்கைக் கொடுக்காவிட்டால், அந்தச் சர்வரின் சொந்த உரிமையில். அந்தச் சர்வர் டிசியாக இருந்தால்? டிசிக்குத்தான் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும் டிஎன்எஸ் பதிவுகள் எல்லாவற்றிலும் கை வைக்கும் உரிமை இருக்கிறதே. 2023 டிசம்பரில் அகமாய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். பயனர் பெயரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். நெட்வொர்க்கில் ஒரு கேபிள் கிடைத்தால் போதும். "என் பெயர் இன்னது" என்று டிஎச்சிபியிடம் பொய் சொல்லி, வேறொரு சர்வரின் பதிவின் மேலேயே தன் முகவரியை எழுதவைக்கலாம்.

இதற்கு மருந்து ரொம்ப எளிது. டொமைனில் ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்குங்கள். எந்த அட்மின் குழுவிலும் சேர்க்க வேண்டாம். டிஎச்சிபி கன்சோலில் ஐபிவி4 மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, அங்கே கிரெடென்ஷியல்ஸ் என்ற பட்டன். அதில் அந்தக் கணக்கைக் கொடுங்கள். டிஎச்சிபி சர்வர் இரண்டு இருந்தால் இரண்டிலும் ஒரே கணக்கு. இல்லாவிட்டால் ஒன்று எழுதிய பதிவை மற்றது திருத்த முடியாமல் பழைய பெயர்கள் டிஎன்எஸ்ஸில் மக்கிக்கொண்டிருக்கும். டிசியில் டிஎச்சிபி வைத்திருக்கும் யாராக இருந்தாலும், இதைப் படித்து முடித்ததும் அந்தப் பட்டனை ஒருமுறை திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் இன்றைக்கே நிரப்புங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை வேறு. டிசி என்பது கவலையில்லாமல் தூக்கிப் போடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். இரண்டு டிசி இருந்தால் ஒன்றில் இருப்பது எல்லாம் மற்றதிலும் இருக்கிறது. ஒன்று கெட்டால் அதைச் சரிசெய்யவே வேண்டாம். அதன் பெயரைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு விண்டோஸ் போட்டு டிசியாக ஆக்கினால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அதே பெட்டியில் டிஎச்சிபி, பிரிண்ட் சர்வர், ஸ்கேனர் அனுப்பும் மெயிலுக்கான ரிலே என்று குடித்தனக்காரர்களைச் சேர்த்துவிட்டால், அது இடிக்க முடியாத வீடு ஆகிவிடும். சர்வர் 2012 ஆர்2-வுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றது. எங்கள் பழைய டிசி அதில்தான் ஓடியது. அதை மாற்றுவதை நான் ஏழு மாதம் தள்ளிப்போட்டேன். டிசி வேலையை மாற்றுவதற்குப் பயமில்லை. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த மற்ற வேலைகளை நினைத்துத்தான் பயம்.

அந்த மாற்றத்தின்போதுதான் டிஎச்சிபியைக் கொண்டுபோய் ஃபயர்வாலில் வைத்தேன். தற்காலிகமாக. தற்காலிகம் என்றால் நம் அகராதியில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு சர்வர், முப்பது பேர் உள்ள அலுவலகம் என்றால் டிசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தனிக் கணக்கை மட்டும் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் யோசிப்பது நேர விரயம்.

ஃபயர்வாலில் வைப்பது

ஃபயர்வாலைக் குறை சொல்லித் தொடங்கியதால், அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா விலானும் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனித்தனிப் பகுதிகள்) அதன் வழியாகத்தான் போகின்றன. அதனால் ஒவ்வொரு விலானுக்கும் அங்கேயே ஒரு ஸ்கோப் (கொடுக்க வேண்டிய முகவரிகளின் தொகுப்பு) போட்டுவிடலாம், ரிலே தேவையில்லை. டிஎச்சிபி கேள்வி ஒரு கூவல்தான், விலானைத் தாண்டிக் கேட்காது. சர்வர் வேறு விலானில் இருந்தால் நடுவில் ஒருவர் அதை வாங்கிக் கடத்த வேண்டும், அதுதான் ரிலே. ஃபயர்வாலில் இந்தத் தொல்லை கிடையாது.

லைசென்ஸ் விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் டிஎச்சிபியிடம் முகவரி வாங்கும் சாதனத்துக்கு, அல்லது அதைப் பயன்படுத்தும் ஆளுக்கு, கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிலை. ஊழியர்களுக்கு எப்படியும் வாங்கியிருப்போம். ஆனால் பையர் வந்து கெஸ்ட் வைஃபையில் சேர்கிறார், அவர் டிரைவரும் சேர்கிறார். அவர்களுக்கும் சுவரில் மாட்டிய 50 கேமராவுக்கும் லைசென்ஸ் கணக்குப் பார்ப்பதா? இந்த இரண்டு விலானையும் ஃபயர்வாலுக்குத் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கெஸ்ட் வைஃபைக்கு லீஸ் நாலு மணி நேரம் போதும். ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்த பிறகு போன்கள் தம் உண்மையான மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) காட்டுவதில்லை, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று பொய் முகவரி வைத்துக்கொள்கின்றன. அமைப்பைப் பொறுத்து ஒரே போன் வேறு வேறு ஆளாக வந்து நிற்கும். 8 நாள் லீஸ் கொடுத்தால் 254 முகவரியும் ஒரு வாரத்தில் காலி.

பெயர்ப் பதிவு நடக்காதே என்று சிலர் பயப்படுவார்கள். டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கணினி தன் பெயரைத் தானே டிஎன்எஸ்ஸில் எழுதிக்கொள்ளும், ஃபயர்வாலின் உதவி வேண்டாம். எழுதத் தெரியாதவை பிரிண்டர், பயோமெட்ரிக் போன்றவை. அவற்றுக்குக் கையால் ஒருமுறை எழுதிவிட்டால் தீர்ந்தது.

அப்படியானால் அலுவலக விலானை ஏன் அங்கே வைக்கக் கூடாது? ஒன்று, அந்தப் பக்கம் யார் யார் கைக்கோ எட்டுகிறது. இன்டர்நெட் லைன்காரர், ஃபயர்வால் புதுப்பிக்க வரும் வெண்டர் பையன், வைஃபை பாயின்ட் மாட்ட வந்தவர், எல்லோரும் வேலை பார்க்கும் பெட்டி அது. உரிமைகளைப் பிரித்துக் கொடுக்கலாம்தான். ஆனால் லைன் விழுந்து எம்டி பின்னால் நிற்கும்போது எல்லோரும் முழு அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று, பதிவு. "போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு இந்த ஐபி யாரிடம் இருந்தது?" என்ற கேள்வி வரும்வரை இது முக்கியமாகத் தெரியாது. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. நிறைய ஃபயர்வால்கள் இப்போது யாரிடம் எது இருக்கிறது என்பதை அழகாகக் காட்டும். போன வாரக் கதையைக் கேட்டால் வெளியே ஒரு சிஸ்லாக் சர்வரில் (பதிவுகளைச் சேகரிக்கும் பெட்டி) சேர்த்து வைத்திருந்தால்தான் உண்டு. இதில் விண்டோஸும் ஒன்றும் யோக்கியமில்லை. அது கிழமைக்கு ஒரு கோப்பு வைத்து எழுதும், அடுத்த திங்கள் வந்ததும் போன திங்களின் மேலேயே எழுதிவிடும். ஆனால் அது சாதாரண எழுத்துக் கோப்பு. ராத்திரி பன்னிரண்டரைக்கு முந்தைய நாள் கோப்பைத் தேதி போட்டு வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுக்கும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் போதும். வரியின் தொடக்கத்தில் 10 என்றால் புது லீஸ், 11 என்றால் புதுப்பித்தது. 14 என்றால் ஸ்கோப்பில் முகவரி தீர்ந்துவிட்டது, அதைக் கண்டால் எழுந்து ஓடுங்கள்.

தனி விண்டோஸ் சர்வர்

கடைசியில் அலுவலக விலானுக்கு நான் தேர்ந்தெடுத்தது இதுதான். இதற்காகத் தனியாக லைசென்ஸ் வாங்கவில்லை. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸில், ஹோஸ்டின் கோர் எல்லாவற்றுக்கும் கணக்குக் கட்டியிருந்தால் இரண்டு விஎம் ஓட்டலாம். ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஒன்றில் டிசி ஓடியது. இன்னொன்று ஒரு ஹோஸ்டில் ஃபைல் சர்வராக இருந்தது, மற்றதில் சும்மா கிடந்தது. ஏற்கெனவே காசு கொடுத்த இடம். ஃபைல் சர்வர் விஎம்மிலும் சும்மா கிடந்த அந்த விஎம்மிலும் டிஎச்சிபியை நிறுவி, ஒன்று விழுந்தால் மற்றது வேலையைப் பார்க்கும்படி இரண்டையும் ஃபெயில்ஓவரில் கட்டினேன். டிசிகள் இரண்டும் டிசி வேலை, டிஎன்எஸ், அவ்வளவுதான்.

ஃபெயில்ஓவர் வசதி சர்வர் 2012-இல் வந்தது. அதற்கு முன் 80-20 என்று ஸ்கோப்பைக் கையால் பிரித்து வைப்போம். இப்போது லீஸ் விவரத்தை இரண்டு சர்வர்களும் 647-ஆம் போர்ட்டில் பேசிப் பகிர்ந்துகொள்கின்றன. ஐபிவி4-க்கு மட்டும்தான், சர்வர்களும் இரண்டுக்கு மேல் சேர்க்க முடியாது. ஒரே இடத்தில் இருக்கும் சர்வர்களுக்கு பாதிக்குப் பாதி பங்கிடும் லோட் பேலன்ஸ் முறையே நல்லது. இரண்டும் தினமும் வேலை செய்வதால், ஒன்று செத்துக் கிடப்பது சீக்கிரம் தெரியும். ஹாட் ஸ்டாண்ட்பையில் மாற்று ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், தேவைப்படும் அன்றுதான் அவர் போன வருஷமே செத்துப்போனது தெரியவரும்.

லோட் பேலன்ஸில் காலியாக இருக்கும் முகவரிகளை இரண்டு சர்வரும் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளும். ஒன்று விழுந்தால், "அவன் வரமாட்டான்" என்று நாம் சொல்லும்வரை மற்றது அவன் பங்கைத் தொடாது. 200 முகவரி உள்ள ஸ்கோப்பில் 150 பிடிபட்டிருந்தால் மிச்சம் 50, அதில் உயிரோடு இருப்பவன் கையில் 25-தான். ஸ்கோப்பைத் தாராளமாக வையுங்கள்.

அப்புறம் நான் பட்ட ஒரு அடி. பேக்கிங் பிரிவுக்குப் புதிதாக ஒரு லேபிள் பிரிண்டர் வந்தது. முதல் சர்வரில் அதற்கு எப்போதும் 10.20.30.41-ஐயே கொடு என்று ரிசர்வேஷன் போட்டேன், பிரிண்டரை மாட்டச் சொன்னேன், டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பிரிண்டர் 10.20.30.127 என்று நிற்கிறது. பேக்கிங் சூப்பர்வைசர் அண்ணன் கையில் ஸ்டிக்கர் ரோலோடு நிற்கிறார். நடந்தது இதுதான். லீஸ் விவரம் தானாகப் பகிரப்படும், ஆனால் ரிசர்வேஷன், ஸ்கோப் அமைப்பு மாதிரி நாம் செய்யும் மாற்றங்கள் தானாகப் போகாது. ஸ்கோப் மேல் ரைட் கிளிக் செய்து ரெப்ளிகேட் கொடுக்க வேண்டும். லோட் பேலன்ஸில் எந்தச் சாதனத்துக்கு எந்த சர்வர் பதில் சொல்வது என்பது மேக் முகவரியை வைத்துத் தீர்மானமாகிறது. இந்தப் பிரிண்டர் இரண்டாவது சர்வரின் பங்கில் விழுந்தது, அதற்கு ரிசர்வேஷன் விஷயமே தெரியாது. அன்று முதல் ஒரு விதி வைத்திருக்கிறோம். எந்த மாற்றமும் முதல் சர்வரில் மட்டும், செய்த கையோடு ரெப்ளிகேட். இரண்டாவதில் ஒருவர் மாற்றி, முதலில் இருந்து இன்னொருவர் ரெப்ளிகேட் கொடுத்தால் முதலாமவரின் வேலை சுவடில்லாமல் போய்விடும். இரண்டின் கடிகாரமும் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது, இல்லாவிட்டால் ஃபெயில்ஓவர் கட்டவே முடியாது.

ஹெல்ப்டெஸ்கில் இருக்கும் தங்கை ஒருவர் ரிசர்வேஷன் போட வேண்டும் என்றால் அவருக்கு டொமைன் அட்மின் கொடுக்க வேண்டாம், டிஎச்சிபி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு போதும். டிஎச்சிபி டிசியில் இல்லாததால் அந்த உரிமை அந்த சர்வரோடு நின்றுவிடுகிறது. தனி சர்வருக்கு மாறியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

லினக்ஸும், கையால் போடுவதும்

லினக்ஸில் டிஎச்சிபி என்றால் பல வருஷமாக ஐஎஸ்சி டிஎச்சிபிதான். அதற்கு 2022-இல் ஐஎஸ்சியே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இப்போது அவர்களுடையது கியா. அமைப்பு முழுக்க ஒரு ஜேசன் கோப்பில் இருக்கும். அதை கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் வைத்து யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பார்க்கலாம். எங்கள் திங்கட்கிழமைக்கு அதுவே சரியான மருந்தாக இருந்திருக்கும். லைசென்ஸ் தொல்லையும் இல்லை. ஆனால் எங்களிடம் லினக்ஸ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கும்போது ஒரு கமா விட்டுப்போய் சர்வீஸ் எழவில்லை என்றால் யார் பார்ப்பது? லினக்ஸ் ஆட்கள் இரண்டு பேராவது இருக்கும் இடத்துக்கு நான் தயங்காமல் கியாவைச் சொல்வேன்.

கையால் ஐபி போட்டு எக்செல் ஷீட்டில் குறித்து வைப்பது இன்னும் நிறைய இடத்தில் ஓடுகிறது. டிசி, சர்வர், ஸ்விட்ச், ஃபயர்வால் ஆகியவற்றுக்கு அதுதான் சரி. டிசிக்கு நிலையான முகவரி கட்டாயம். பிரிண்டருக்கு வேண்டாம், ரிசர்வேஷன் போடுங்கள். எக்செல் ஷீட் எப்போதும் ஒரு மாதம் பழையதாகவே இருக்கும்.

பெருந்துறை

கிளைக்குத் தலைமை அலுவலக டிஎச்சிபியை ரிலே செய்யலாம்தான். விபிஎன் விழுந்த அன்று அங்கே புதிதாகப் போடும் கணினிக்கு ஐபியே வராது. பக்கத்தில் இருக்கும் பிரிண்டரில் ஒரு டெலிவரி சலான் கூட எடுக்க முடியாது. 15 பேருக்காக அங்கே ஒரு டிசி வைப்பதும் அதிகம். அங்கிருக்கும் சின்ன ஃபயர்வாலே ஐபி கொடுக்கட்டும் என்று விட்டேன். சீட்டில் டிஎன்எஸ் என்று ஃபயர்வாலின் முகவரியே இருக்கும். நம் டொமைன் பெயரில் முடியும் கேள்விகளை மட்டும் அது விபிஎன் வழியாக டிசிக்கு அனுப்பும், மற்றதை வெளியே கேட்கும். விபிஎன் விழுந்தாலும் இன்டர்நெட் ஓடும். விபிஎன் எழுந்ததும் டொமைனும் ஓடும். இங்கே இரண்டாவது டிஎன்எஸ் என்று எதையும் எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட எனக்குக் கொஞ்சம் துணிச்சல் தேவைப்பட்டது.

மாற்றிய வாரம்

ஃபயர்வாலில் இருந்து சர்வருக்கு மாறுவதற்கு நாள் குறிக்கும் முன் லீஸைக் குறைக்க வேண்டும். ஃபயர்வாலில் 7 நாள் இருந்தது. அதை ஒரு மணி நேரமாக மாற்றினேன், ஆனால் கணினிகளுக்கு அது உடனே தெரியாது. பாதி லீஸ் முடிந்து அடுத்த முறை கேட்கும்போதுதான் புது கால அளவு கைக்கு வரும். அதனால் ஒரு முழு வாரம் காத்திருந்தேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அலுவலக விலானிலும் பிரிண்டர் விலானிலும் ஃபயர்வால் ஸ்கோப்பை நிறுத்தி, ரிலேயில் இரண்டு சர்வர் முகவரியையும் கொடுத்தேன். முகவரி கொடுக்கும் முன் ஒருமுறை பிங் செய்து யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் வசதியை அந்த வாரத்துக்கு மட்டும் போட்டுவைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்தன. இரண்டு பயோமெட்ரிக் மெஷின்கள் மட்டும் அணைத்துப் போட்டால்தான் வருவேன் என்று அடம்பிடித்தன.

ஸ்விட்ச்களில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கையும் அன்றே போட்டேன். சர்வரும் ஃபயர்வாலும் இருக்கும் போர்ட்டைத் தவிர வேறு எங்கிருந்து யார் ஐபி கொடுத்தாலும் ஸ்விட்ச் தூக்கி எறிந்துவிடும். விண்டோஸ் டிஎச்சிபி சர்வரை ஆக்டிவ் டைரக்டரியில் அங்கீகரித்தால்தான் ஓடும் என்பது உண்மை. ஆனால் டிசைன் பிரிவில் ஒருவர் மேசைக்கடியில் செருகி வைத்த வீட்டு வைஃபை ரூட்டருக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அதை முதல் நாளே ஸ்விட்ச் பிடித்துக் கொடுத்தது.

ஃபயர்வாலில் இருந்த பழைய அலுவலக ஸ்கோப்பை அழிக்கவில்லை. நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன். இரண்டு ஹோஸ்டும் ஒரே நாளில் படுத்தால் ஒரு டிக் போட்டு எழுப்பிக்கொள்ளலாம். நிறுத்துவதற்கு முன் அதில் டிஎன்எஸ் வரியைத் திறந்து, 8.8.8.8 இருந்த இடத்தில் 10.20.10.12 என்று எழுதிச் சேமித்தேன்.